சக்கரத்தின் மேல் டயர் நகர்வதற்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

ராமநாதபுரம், தொழிற்பயிற்சி ஆசிரியர், ஞாயிறு இரவு

குழுமத்தாருக்கு வணக்கம்.

எங்கள் பயிற்சிக்கூடத்தில் சிறுவிமானங்களின் சக்கரம், டயர் பராமரிப்புக்குப் பத்து நாள் வகுப்பு நடத்துகிறோம். விமானம் கிடையாது, ஒரே ஒரு சக்கரம் இருக்கிறது. 6.00-6 அளவு. டயரின் அகலம் ஆறு அங்குலம், ரிம்மின் விட்டமும் ஆறு அங்குலம். ஆட்டோச் சக்கரத்தைத் தட்டி உருண்டையாக்கியது போலிருக்கும். மாணவர்கள் பெரியபட்டினம், திருப்புல்லாணி, உச்சிப்புளிப் பிள்ளைகள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். முப்பத்திரண்டு பக்கமும் முடிந்து ஒரு சொல்லில் நிற்கிறேன்.

டயர் ரிம்மை இறுகப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றின் பலத்தால். காற்று குறைந்த நிலையில் விமானம் இறங்குகிறது என்று வையுங்கள். அதுவரை அசையாமல் தொங்கிய சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் முழு வேகத்தில் சுழல வேண்டும். தரை டயரைப் பிடித்து உருட்டுகிறது, ரிம் பின்தங்குகிறது. பிரேக் பிடிக்கும்போதும் இதே கதைதான்: ரிம் நிற்கப் பார்க்கிறது, டயரைத் தரை உருட்டிக்கொண்டே போகிறது. இப்படி ஒவ்வோர் இறக்கத்திலும் டயர் ரிம்மின் மேல் மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்கிறது. உள்ளே இருக்கும் டியூபும் கூடவே போகும். ஆனால் டியூபின் மௌத், அதாவது காற்றடிக்கும் குழாய், ரிம்மின் துளையில் மாட்டியிருக்கிறதே, அது எங்கே போகும்? சாயும், இழுபடும், ஒருநாள் அடியோடு கிழியும்.

இதை முன்னதாகக் கண்டுபிடிக்க டயரின் பக்கவாட்டிலிருந்து ரிம் வரை குறுக்காக ஓர் அங்குல அகலத்தில் பெயிண்ட் கோடு போடுகிறார்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் டயர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த நகர்தலுக்கு ஒரு சொல், கோட்டுக்கு ஒரு சொல் வேண்டும். 'நழுவல்' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஒரு பையன், "டயர் கழன்று கடலில் விழுந்துவிடுமா சார்?" என்று கேட்டான். அடித்துவிட்டேன், சொல்லைத்தான்.


பரமக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திங்கள் காலை

தம்பிக்கு வாழ்த்துகள். முதலில் 'டயர்' எப்படி உள்ளே வந்தது? டகரம் மொழிக்கு முதலில் வராது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். நம் ஊர்த் தச்சரிடம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் இருந்தது. நடுவே குடம், குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால், ஆரக்கால்கள் போய்ச் சேரும் வட்டை, வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டை. ரிம் என்பது வட்டை; டயர் என்பது பட்டை.

பட்டை நகருமோ என்ற கவலை அந்தத் தச்சருக்கு இல்லை. பட்டையைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, வட்டையில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார். சுருங்கி உடும்பாகப் பிடித்துக்கொள்ளும். கோடையில் மரம் காய்ந்து பட்டை தளர்ந்தால் சக்கரத்தைக் கழற்றி ஊருணியில் ஊறப்போடுவார்கள். அங்கே இரும்பு செய்த வேலையை உங்கள் விமானத்தில் காற்றிடம் கொடுத்திருக்கிறார்கள், படட்டும்.

சக்கரம் என்பதும் வடமொழி. 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்ற 496ஆம் குறளில் கால் என்றால் என்ன? சக்கரம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டிக்கு அடியில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஸ்டெப்னிக்குச் சேமக்கால் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? வாலிநோக்கம் உப்பளத்து லாரிகளிலிருந்து தொடங்கலாம், உமணரின் பேரப்பிள்ளைகள்தானே.

மெல்ல நகர்தல் ஊர்தல். ஆகவே பட்டையூர்வு. ஐயமில்லை.


தேவிபட்டினம், இருசக்கர வாகன மெக்கானிக், திங்கள் மதியம்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். கடைப் பையனிடம் பட்டை எடுத்துவா என்றேன். பிரியாணிக்கா என்று கேட்டான்.

இந்தக் கோளாறு எங்களுக்குத் தினப்படி. சீமைக்கருவேல முள் குத்தி, காற்று சட்டென்று போகாமல் நாலு நாளாக மெல்ல இறங்கும் வண்டிகளில்தான் வரும். முள் இருப்பதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சக்கரத்தைப் பார்த்தால் மௌத் நேராக நிற்காமல் படுத்திருக்கும். 'மௌத் சாய்ந்திருக்கிறது' என்போம். அதற்கு மேல் பெயர் வைக்கும் அளவுக்கு எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.


பெங்களூரு, விமானப் பராமரிப்புப் பொறியாளர், சொந்த ஊர் தொண்டி, திங்கள் இரவு

அண்ணன் சொன்னது சரி, ஆனால் மௌத் சாய்வது விளைவு. ஆசிரியர் கேட்பது காரணத்துக்குப் பெயர். டியூப் இல்லாத டயரும் நகரும், அதில் மௌத் ரிம்மிலேயே இருப்பதால் சாயாது.

என் கருத்து: இந்த நகர்தலுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'கிரீப்' (creep) என்பதையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள். வேலைக்குப் போகிற இடத்தில் அதுதான் காதில் விழும். புலவர் ஐயா மன்னிக்கவேண்டும். சங்கப் பாட்டின் 'வலவன் ஏவா வானவூர்தி'யை, அதாவது ஓட்டுநர் செலுத்தாத விமானத்தை, இன்னும் அவர் இழுக்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம்.

கையேட்டில் சொல்லைவிட முக்கியமாகச் சில வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புது டயர் மாட்டினால் முதல் நாளில் அது விரிந்துகொடுக்கும். அடித்த காற்று குறையும். மறுநாள் அளந்து நிரப்பாமல் பறந்தால் நகர்வது அப்போதுதான். காற்றை அளப்பது டயர் ஆறிய பிறகு, இறங்கிக் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து. ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸுக்கு அழுத்தம் ஒரு சதவீதம் மாறும். வெயிலில் நின்ற சக்கரத்தை உச்சிப்பொழுதில் அளந்து 'சரியாக இருக்கிறது' என்று எழுதிவைத்தால் விடியற்காலையில் அது குறைவுதான்.

கோட்டைப் 'பொட்டு' என்று பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தால் உடனே தடுத்துவிடுங்கள். டயரில் ஏற்கெனவே சிவப்புப் பொட்டு ஒன்று உண்டு. டயரின் எடை குறைந்த பக்கம் அது. டியூபின் எடை கூடிய பக்கத்தில் மஞ்சள் கோடு இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்து மாட்டவேண்டும். கோட்டையும் பொட்டையும் குழப்பினால் சக்கரம் ஆடும்.


மண்டபம், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, செவ்வாய்

தம்பி பெங்களூரில் இருந்துகொண்டு ஆங்கிலத்தை அப்படியே வை என்கிறான். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லே இரண்டு வேலை பார்க்கிறது. உலோகம் வெகுநாள் பளு தாங்கி மெல்ல நீள்வதற்கும் இதே சொல். அவர்கள் குழப்பத்தை நாம் ஏன் சுங்கம் கட்டி இறக்குமதி செய்யவேண்டும்? 'ஊர்வு' எனக்குச் சம்மதம். பட்டை வேண்டாம், டயர் ஊர்வு.

இன்னொன்று கேட்கிறேன். ஊர்வதற்கு இத்தனை மடல், அரிப்பதற்கு எத்தனை பக்கம்? மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்துப் பார்ப்பது வேடிக்கைக்கு அல்ல. நம் காற்று அப்படி. பாம்பனில் 1914இல் திறந்த பாலத்துக்கு இந்தக் காற்றோடு ஆயுள் முழுக்கப் போராட்டம். சுரண்டிப் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் தொடங்கிய முனை துருப்பிடித்திருக்கும். விமானச் சக்கரம் அலுமினியம், சிலவற்றில் மக்னீசியம். துரு என்று எழுதினால் பிள்ளைகள் செந்நிறத்தைத் தேடுவார்கள். அலுமினியத்தில் வருவது வெள்ளைப் பொடி, பெயிண்டுக்கு அடியில் கொப்புளம். மக்னீசியம் இன்னும் வேகமாகப் போகும். டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில்தான் அது பதுங்கியிருக்கும், டயரைக் கழற்றாமல் தெரியாது. 'உப்புப் பூத்தல்' என்று எங்கள் ஊரில் சொல்வோம். அப்படியே எழுதுங்கள். 'அரிமானம்' புத்தகத்தோடு இருக்கட்டும்.


கீழக்கரை, கப்பல் கம்பெனியில் இருந்தவர், செவ்வாய் இரவு

வாத்தியார் தம்பிக்கு காக்காவின் (எங்கள் ஊரில் அண்ணன்) சலாம். நங்கூரம் போட்ட தோணியை நினைத்துப் பாருங்கள். பிடிக்கவேண்டிய நங்கூரம் சேற்றில் மெல்ல இழுபடும். படகில் இருப்பவனுக்குத் தெரியாது. கரையில் ஒரு பனைமரத்தையும் அதன் பின்னால் ஒரு மினாராவையும் நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். நேர் பிரிந்தால் துள்ளி எழுவான். உங்கள் கோடும் அதுதான். நகர்தலுக்கு 'இழுபடல்', கோட்டுக்குச் 'சாட்சிக்கோடு'.


பரமக்குடி, புதன் விடியற்காலை

சாட்சிக்கோடு கருத்தால் அழகு, பிறப்பால் வடமொழி. சாட்சிக்குத் தமிழ் 'கரி'. 'இந்திரனே சாலும் கரி' என்பது 25ஆம் குறள். எனவே கரிக்கோடு.

பெங்களூர்த் தம்பி கேட்டதால் சொல்கிறேன். வலவன் ஏவா வானவூர்தி புறநானூற்றின் 27ஆம் பாட்டில் இருக்கிறது. அதிலுள்ள ஊர்தி, ஊரப்படுவது, அதாவது ஏறிச் செலுத்தப்படுவது. இரவு இதை எண்ணிப் பார்த்தபோது என் பட்டையூர்வுக்கே ஆபத்து தெரிந்தது. ஊர்தல் நகர்தலும் ஆகும், ஏறிச் செல்லுதலும் ஆகும். பட்டையின் மேல் ஏறிச் செல்வது என்றும் ஒருவன் பிரிக்கலாம். சிந்திக்கிறேன்.


தேவிபட்டினம், புதன்

சிவப்புப் பெயிண்டில் கரிக்கோடு. ஐயா, என் பையன் அடுப்படிக்குப் போய்விடுவான்.

எங்கள் ஊர்க் கடலுக்குள் ஒன்பது கல்லும் நிற்கின்றன. சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி என்றால் ஊரே வண்டி கட்டிக்கொண்டு வருகிறது. பேசாமல் 'டயர்ப்பெயர்ச்சி' என்று வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.


பரமக்குடி, புதன், அரைமணி கழித்து

தம்பி விளையாட்டாகச் சொன்னதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சனி என்ன செய்கிறது? நிலையான வட்டம் ஒன்றின் மேல், பார்த்தால் தெரியாத வேகத்தில் நகர்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டரை ஆண்டு. நகர்ந்ததை வட்டத்தின் கட்டத்தை வைத்துத்தான் அறிகிறோம். ரிம் ராசிச்சக்கரம், டயர் கிரகம், உங்கள் கோடு கட்டத்தின் எல்லை. இதைவிடப் பொருந்திய சொல்லைக் கலைச்சொல் அகராதிக் குழு ஆறு மாதம் உட்கார்ந்தாலும் தராது. ரகரத்தின் பின் ப் மிகும், தேர்ப்பாகன் போல.

உச்சிப்புளியில் 2009இல் கடற்படை விமானத்தளத்துக்குப் பருந்து என்று பெயர் வைத்தார்கள். கடற்படைக்கே விளங்கிய தமிழ் நம் பிள்ளைகளுக்கு விளங்காதா?


பெங்களூரு, புதன்

ஒரு திருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தரையிறங்கும்போதும் பிரேக்கிலும் டயர் போவது ஒரே திசைதான். இந்தப் பெயர்ச்சியில் வக்கிரம், அதாவது பின்னோக்கி நகர்வது, கிடையாது.


மண்டபம், புதன் இரவு

பாதுகாப்புக் கையேட்டில் சோதிடச் சொல்லா? முப்பது ஆண்டு அறிவியல் நடத்தியவளிடம் இதைக் கேட்கவைத்துவிட்டீர்கள். சனிப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் உண்டு. பிள்ளைகள் டயருக்கும் எள்விளக்கு ஏற்றுவார்கள். பள்ளி மாணவன் 'இடப்பெயர்ச்சி' என்று இயற்பியலில் வேறொன்றைப் படிக்கிறான்.

'பெயர்வு' என்று ஆக்கலாமே என்று எனக்குத் தனிமடலில் ஒருவர் எழுதினார். அகதிகள் முகாம் இருக்கும் மண்டபத்தில் இடப்பெயர்வு என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லை டயருக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. ஊர்வு இருக்கிறது. எளியது, சின்னது, யாருக்கும் சொந்தமில்லாதது.


ராமநாதபுரம், வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. அக்காவின் கடிதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் இன்று வகுப்பில் இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதிவிட்டு விளக்கமில்லாமல் நின்றேன். ஊர்வு என்றதும் ஒருவன், "எறும்பா சார்?" என்றான். பெயர்ச்சி என்றதும் பின்வரிசையிலிருந்து, "இடம் மாறிப்போச்சா சார்?" என்று வந்தது. மடல் எழுதியவர்களிலும் மூவர் பெயர்ச்சி, காக்கா இழுபடல், அக்கா ஊர்வு. புலவர் ஐயா மூன்று சொல்லுக்கு வாக்களித்திருக்கிறார், கடைசியை எடுத்துக்கொண்டேன்.

டயர்ப்பெயர்ச்சி, சாட்சிக்கோடு. முதல் இடத்தில் மட்டும் 'வெளியே இதை கிரீப் என்பார்கள்' என்று ஒரு வரி. உப்புப் பூத்தல் அப்படியே போகிறது. அக்கா சொன்ன பிறகு அந்தப் பகுதி ஒரு பத்தியிலிருந்து இரண்டு பக்கம் ஆகிவிட்டது. சக்கரம் இரண்டு பாதியாகப் போல்ட் போட்டு இணைந்தது என்பதால், காற்றை முழுக்க இறக்காமல் போல்ட்டைத் தொடக்கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். காற்று இருக்கும்போது கழற்றினால் பாதிச் சக்கரம் முகத்துக்கு வரும். அதற்கு யாரும் கலைச்சொல் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.


ராமநாதபுரம், அடுத்த திங்கள்

கட்டுகள் வந்துவிட்டன. அச்சகத்தில் யாரோ நல்லெண்ணத்தில் மெய்ப்புத் திருத்தியிருக்கிறார். பதினொன்றாம் பக்கத்திலிருந்து எல்லா இடத்திலும் 'டயர்ப்பயிற்சி' என்று இருக்கிறது. ஒரு படிக்கு ஒன்பது இடம், அறுபது படி. இன்று இரவு உட்கார்ந்து பேனாவால் திருத்தப் போகிறோம். தேவிபட்டினத்து அண்ணன் கடையை அடைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.


மண்டபம், திங்கள்

எப்படியும் பேனாவை எடுக்கிறீர்கள். ஊர்வு என்று எழுதினால் எழுத்தும் குறைவு. நானும் வருகிறேன், எத்தனை மணிக்கு?