அப்பாவின் கைநடுக்கம்: தலையில் அக்குபங்சர் ஊசி போட்டுப் பார்த்தவர்கள் உண்டா?

வணக்கம். மலேசியா, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 71 வயது, பார்க்கின்சன் வந்து 4 வருடம். வலது கை நடுக்கம், கழுத்து விறைப்பு. கடையில் தே தாரே (ஆற்றிய பால் டீ) வந்தால் பாதி சாசரில்தான் கிடக்கும். இப்போது கூச்சப்பட்டுக்கொண்டே ஸ்ட்ரா கேட்கிறார். வாசல்படி வந்தாலே கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

பார்க்கின்சன் மாத்திரை மடோபார் 3 வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அதை நிறுத்தப்போவதில்லை, அந்த யோசனை மட்டும் வேண்டாம்.

ஜார்ஜ்டவுனில் ஒரு சின்சேயிடம் (சீன வைத்தியர்) வாரம் 2 தடவை, 8 வாரம் அக்குபங்சர் ஊசி போட்டாச்சு. குத்திய புள்ளிகள்: கையில் ஹெகு, பாதத்தில் தைச்சோங், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் யாங்லிங்சுவான், உச்சந்தலையில் பைஹுய். தூக்கமும் விறைப்பும் கொஞ்சம் தேவலாம். நடுக்கம் அப்படியே. பிசியோ சொன்னபடி வாசலில் சிவப்பு டேப் ஒட்டினோம், அதைத் தாண்டக் காலைத் தூக்குகிறார். ஊசிக்குக் கொடுத்த காசுக்கு எத்தனை டேப் வாங்கியிருக்கலாம் என்று அம்மா கேலி செய்கிறார்.

இப்போது சின்சே, தலையின் இடது பக்கம், இயக்கக் கோட்டுக்கு (உடல் அசைவைப் பார்க்கும் மூளைப் பகுதிக்கு மேலே தலைத்தோலில் குறிக்கும் கோடு) 1.5 செ.மீ. முன்னால் இருக்கும் நடுக்கக் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஊசி குத்தி மின்சாரம் கொடுக்கலாம் என்றார். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது என்றதும் மெஷினை உள்ளே வைத்துவிட்டார். கையாலேயே திருகலாமாம்.

மின்சாரம் இல்லாமல், கையால் திருகும் தலை ஊசியில் உங்கள் வீட்டில் யாருக்காவது நடுக்கம் குறைந்ததா, எத்தனை தடவைக்குப் பிறகு?