புதுப்பிப்பு: பொங்கல் பதிவு மடலுக்கான பதில்கள் திரும்பி வந்த காரணம்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரப் பொங்கல் விழாவுக்குப் பதிவு செய்தோருக்கு எங்கள் படிவம் தானாக அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினால், பலருக்கு அது 5.1.3 (பெறுநர் முகவரியின் வடிவம் தவறு) என்ற பிழைக்குறியுடன் திரும்பி வருவதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. அனுப்புநர் வரியில் ‘பொங்கல் குழு, தெம்பனிஸ்’ என்ற பெயர் ஆங்கில எழுத்துகளில், மேற்கோள்குறியின்றி இருந்தது. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 விதிப்படி அங்கே காற்புள்ளி இரு முகவரிகளைப் பிரிக்கும் குறியாதலால், சில மின்னஞ்சல் செயலிகள் ‘பொங்கல் குழு’ என்பதையே, அட் (@) குறியில்லாத ஒரு தனி முகவரியாக எடுத்துக்கொண்டன. பெயரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டதும் பதில்கள் ஒழுங்காக வந்து சேர்கின்றன. அதே பெயரைத் தமிழில் இட்ட நினைவூட்டல் மடல்களுக்கு இந்தச் சிக்கலே எழவில்லை என்பதுதான் வேடிக்கை: தமிழ் எழுத்துகளை மின்னஞ்சலுக்காகக் குறியாக்கம் செய்கையில், அதாவது வேறு குறிகளாக மாற்றுகையில், காற்புள்ளியும் அதனுள் அடங்கிவிடுகிறது. பழைய மடலுக்குப் பதில் எழுதுவோர் மட்டும் பெறுநர் கட்டத்தில் முகவரியைத் தாங்களே தட்டச்சு செய்யவேண்டும்.