ஆராய்ச்சிக்கு வழிகாட்டியும் நிதியும்: விவரம் தெரிந்த டாக்டர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சென்னையில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். எம்.டி.க்காக ஆய்வேடு எழுதியதோடு சரி. சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து, நிதி வாங்கி, ஆய்வை நடத்தும் பயிற்சி இல்லை. ஓ.பி. முடியவே மதியம் தாண்டிவிடுகிறது, அப்புறம் எங்கே ஆராய்ச்சி?

அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச்., ஆராய்ச்சிக்கு வரும் மருத்துவர்களுக்குத் தரும் கே23 என்ற நிதியில், மருத்துவர் தம் பணி நேரத்தில் 75 சதவீதமாவது ஆராய்ச்சிக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது விதி. வழிகாட்டும் மூத்தவர்களின் நேரத்துக்கும் கே24 என்று தனி நிதி உண்டு. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நான் பார்த்தவரை, இங்கே வழிகாட்டுவது மூத்தவர்களின் நல்ல மனதை நம்பித்தான் நடக்கிறது.

இங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அல்லது ஐ.சி.எம்.ஆர். அமைப்புகளிடம் விண்ணப்பித்த குழந்தை மருத்துவர்கள் யாராவது குழுவில் இருக்கிறீர்களா? வழிகாட்டியை எப்படிப் பிடித்தீர்கள்? ஓ.பி. நேரத்தைக் குறைக்க உங்கள் மருத்துவமனை ஒப்புக்கொண்டதா, இல்லை சண்டை போட்டுத்தான் வாங்கினீர்களா?

என் ஆர்வம் பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலை. அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமான என்.ஐ.ஈ.யிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ யாரை அணுகலாம் என்று தெரிந்தால், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.