காருக்குத் தனி வழிகாட்டிக் கருவி தேவையா?

ஜெயநகர்வாசி:
வணக்கம். மாதம் இருமுறை பெங்களூரிலிருந்து மைசூரு, பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குக் காரில் சென்று வருகிறேன். காட்டுப் பகுதியில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காததாலும், வெயிலில் அது சூடேறித் திரை மங்கிவிடுவதாலும், தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எதைக் கவனித்து வாங்க வேண்டும்?

ஓசூர்ச்சாலை:
சிக்னலுக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டியதில்லை. இருப்பிடத்தைக் கணிக்கச் செயற்கைக்கோள்களே போதும். இணையம் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கவும் நெரிசலை அறியவும்தான். வீட்டிலேயே அப்பகுதி வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொண்டால் கைப்பேசியே வழி காட்டும். சூட்டுக்கு, ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டும் தாங்கி போதும்.

மல்லேஸ்வரத்தார்:
நண்பர் சொல்வது சரியே. ஆயினும் வாங்குவதென்றால், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வழக்கமாக அனுப்பும் எல்1 அலைவரிசையோடு, 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 என்ற மற்றோர் அலைவரிசையையும் பெறும் கருவியாகப் பாருங்கள். உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் அலைகளால் நேரும் பிழை அதில் குறைவு. இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்களும் எல்5-ஐப் பயன்படுத்துகின்றன. விலையைக் கேட்பதற்கு முன், வரைபடப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு இலவசம் என்று கேளுங்கள். நான் முன்பு வாங்கிய கருவி, புதிய மேம்பாலத்தில் ஏறியபோதெல்லாம் என்னை வெற்று நிலத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. எது வாங்கினாலும், பெங்களூரின் ராகிகுட்டா–சில்க் போர்டு ஈரடுக்கு மேம்பாலத்தில் நாம் பாலத்துச் சாலையில் செல்கிறோமா, அதன் கீழே தரைச் சாலையில் செல்கிறோமா என்று அது குழம்பக்கூடும்.

ஜெயநகர்வாசி:
மிக்க நன்றி. அடுத்த பயணத்தில் வரைபடத்தை இறக்கிக்கொண்டு சென்று பார்த்த பிறகே முடிவு செய்கிறேன்.

ஓசூர்ச்சாலை:
பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு புறப்படுங்கள்.