சைக்கிளிங் = தொட்டி பழக்குதல்?

> ‘சுழற்சியேற்றம்’ என்றே வைக்கலாம். நைட்ரஜன் சுழற்சி பாடநூலிலேயே இருக்கிறதே.

ஐயா, வணக்கம். மீன்தொட்டி ‘சைக்கிளிங்’குக்கு நம் அகராதியில் ‘தொட்டி பழக்குதல்’ என்று வைக்கலாம் என்றேன்; அதற்கு நீங்கள் சொன்ன மாற்றுச் சொல்லைப் பார்த்தேன்.

நைட்ரஜன் சுழற்சி இருக்கட்டும், அதில் மறுப்பில்லை. நமக்கு வேண்டியது புதுத் தொட்டியில் மீன் விடுவதற்கு முன்பு செய்கிற வேலைக்கு ஒரு பெயர். மதுரைக் கடைகளில் ‘டேங்க் சைக்கிள் ஆயிருச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘சுழற்சியேற்றம் முடிந்ததா?’ என்றால் மோட்டாரைக் கேட்பதாக நினைப்பார்கள்.

மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா சேர்கிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்பவை. நைட்ரேட்டை அவ்வப்போது தண்ணீர் மாற்றிச் சமாளித்துவிடலாம். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். பவளப்பாறை மீன் வளர்ப்பவர்கள் இதில் அவசரப்படவே கூடாது. உப்புநீர்த் தொட்டியின் பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8.1 முதல் 8.4 வரை இருக்கும், பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் நச்சு வடிவமும் ஏறும். சூடு கூடினாலும் அதே கதைதான். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா!

அதனால்தான் ‘பழக்குதல்’ என்கிறேன். புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கிவிட்டுத்தானே குழம்பு வைக்கிறோம். வினையாகவும் பெயரெச்சமாகவும் இழுத்த பக்கம் வரும்: பழக்கிய தொட்டி, பழகாத தொட்டி, ‘இன்னும் பழகவில்லை’. ‘சுழற்சியேற்றப்படாத தொட்டி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

> மீனைப் புதுத் தண்ணீருக்குத் தயார் செய்வதையும் பழக்குதல் என்றுதானே சொல்வோம்? குழம்பாதா?

நியாயமான கேள்வி அம்மா. மீன் வாங்கி வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலப்பதை ‘இணக்குதல்’ என்று பிரித்துவிடலாம். தொட்டியைப் பழக்குகிறோம், மீனை இணக்குகிறோம்.

இதற்கு ‘முதிர்வித்தல்’ என்ற யோசனையும் வந்தது. எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் இங்கே வேண்டாம். பல மாதம் ஓடி நிலைத்த தொட்டியைத்தான் முதிர்ந்த தொட்டி என்கிறோம். கோமாளி மீன் குடியிருக்கும் கடற்சாமந்தியை (பூப்போல விரியும் கடல் விலங்கு) அப்படிப்பட்ட தொட்டியில்தான் விட வேண்டும். பழகிய உடனே விட்டால் பெரும்பாலும் சுருங்கிச் செத்துவிடும்.

அப்புறம், அகராதி வரைவின் எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ‘மண்டபம் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்’ என்று வந்திருப்பதை நீக்கிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது. அகராதியைப் பார்த்து யாரும் வழக்கில் மாட்டக் கூடாது.

பதிவு இப்படி இருக்கலாம்:

தொட்டி பழக்குதல் (வி.): மீன் விடுமுன், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களைப் புதுத் தொட்டியில் பெருக்குதல். எ.கா. ‘தொட்டி பழகியதும் முதலில் இரண்டு கோமாளி மீன்களை மட்டும் விடவும்.’

‘தொட்டிப் பழக்கம்’ என்று பெயர்ச்சொல் ஆக்க வேண்டாம், பொருள் வேறெங்கோ போய்விடும்.