மறு: நீரோரப் பொறிவைப்பு – ‘பாக்கெட் செட்’, ‘பிளைண்ட் செட்’ சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிவரும் வட அமெரிக்கப் பொறிவேட்டைச் சொற்பட்டியலில் நீரோரப் பகுதி மட்டும் பாக்கி நிற்கிறது. ‘டிராப்’ என்றால் பொறி, ‘ஸ்னேர்’ என்றால் கண்ணி அல்லது சுருக்கு. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தி விலங்கின் மேல் விழவைக்கும் ‘டெட்ஃபால்’ பொறிக்குச் சங்கப் பாடல்களிலேயே ‘அடார்’ இருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டாம். சிக்கல் எல்லாம் ‘செட்’ என்ற சொல்லில்தான்.

> பாக்கெட் செட் – பைப்பொறி, பிளைண்ட் செட் – குருட்டுப்பொறி. சுருக்கமாக இருக்கின்றன. இவற்றையே ஏற்கலாமே?

ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து, ஐயா. இரண்டிலும் பொறிக்குப் பெயர் வைத்திருக்கிறோம். ‘செட்’ என்பது பொறி அல்ல. ஒரே கால்பிடிப் பொறியை இன்று கரையில் தோண்டிய குழிக்கு முன்னால் வைக்கலாம், நாளை இரண்டு பாறைகளுக்கு நடுவே வைக்கலாம். இரும்பு அதேதான், செட் வேறு. இடம், ஆழம், இரை, விலங்கை வழிநடத்த நட்ட குச்சி, பொறியைக் கட்டிவைத்த முளை எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். நியூயார்க் மாநிலத்தில் சூவல் நியூஹவுஸ் 1823இல் எஃகுப் பொறிகள் செய்யத் தொடங்கியதிலிருந்து அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை. பொறிக்காரரின் திறமை முழுக்க இடம் பார்ப்பதில்தான் இருக்கிறது. அதனால் சொல்லும் இடத்தைத்தான் காட்ட வேண்டும்.

பொதுச்சொல்லாகப் ‘பொறிவைப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘பொறியமைவு’, ‘பொறி நிறுவல்’ இரண்டும் அலுவலகக் கோப்பு மாதிரி ஒலிக்கின்றன. தஞ்சைப் பக்கம் வயல் எலிக்கு மூங்கில் கிட்டி வைப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கிட்டி ‘வைத்தேன்’ என்பாரே தவிர ‘அமைத்தேன்’ என்று சொல்ல மாட்டார். வேலை செய்கிறவர் வாயில் இருக்கும் வினை இது. வைப்பு என்றால் வங்கி வைப்புத்தொகை நினைவுக்கு வருமே என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். ‘பொறி’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

இனி பாக்கெட் செட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் சொல் எங்கிருந்து வர வேண்டும் என்பது புரியும்.

வட அமெரிக்காவின் ரக்கூன் என்ற விலங்கு இரவில் ஓடைக்கரையோரம், கணுக்கால் நனையும் ஆழத்தில் நடக்கும். கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, முன்னங்கைகள் கல்லுக்கு அடியிலும் வேருக்கு இடையிலும் துழாவிக்கொண்டே போகும். நம் ஊரில் குளம் வற்றும்போது ஆட்கள் கையால் தடவித் தடவி மீன் பிடிப்பார்களே, அதே வேலை. நன்னீர் இறால், தவளை, நத்தை எது கிடைத்தாலும் தின்னும். வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் மக்கள் வைத்த பெயரிலிருந்துதான் ‘ரக்கூன்’ வந்தது. கையால் தேய்ப்பது, சுரண்டுவது என்ற பொருளை அதற்குச் சொல்வார்கள். கீரி போல நீண்ட உடல் கொண்ட மிங்க்கும் கரையை ஒட்டியே ஓடும். வேருக்கு அடியில் இருட்டாக ஒரு துளை தெரிந்தால் உள்ளே மூக்கை நுழைக்காமல் தாண்டாது, ஏனென்றால் அதன் இரையான மஸ்க்ராட் என்ற நீர்வாழ் கொறிவிலங்கு அப்படிப்பட்ட கரைத்துளைகளிலும் வசிக்கிறது.

இந்த இரண்டு பழக்கத்தையும் பயன்படுத்துவதுதான் பாக்கெட் செட். செங்குத்தான கரையில், நீர்மட்டத்தோடு ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்கும் குறைவாக ஒரு துளை. உள்ளே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். பின்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் கோடியில் வைத்த மீன்துண்டு தண்ணீரில் அடித்துப் போகாது. பொறி துளைக்குள் இல்லை. வாய்க்கு முன்னால், ஏறக்குறைய 5 செ.மீ. ஆழத்தில், நடுவிலிருந்து சற்றே தள்ளி இருக்கும். துளைக்குள் கை விடும் விலங்கு நேர் நடுவில் கால் ஊன்றுவதில்லை, பக்கவாட்டில்தான் ஊன்றும். தண்ணீர் பொறியையும் மறைக்கிறது, மனித வாடையையும் மறைக்கிறது. ஒரு மழையில் மட்டம் ஒரு சாண் ஏறினால் எல்லாம் வீண். அதனால் மட்டம் அதிகம் மாறாத ஊற்று ஓடைகளைத் தேடுவார்கள்.

இப்படிக் கரையில் உள்ள குடைவுக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: வங்கு. எலி, நண்டு தானே தோண்டி வசிப்பது வளை, மரத்தில் இருப்பது பொந்து, கரையிலும் பாறையிலும் உள்ள குடைவு வங்கு. எனவே வங்கு வைப்பு. நாய்க்கு வரும் சொறியையும் வங்கு என்பார்கள் என்ற ஆட்சேபணை வரும் என்று தெரியும். அதற்காக இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. ‘பை’ என்பதில் கரையும் இல்லை, தண்ணீரும் இல்லை.

பிளைண்ட் செட்டுக்குக் ‘குருட்டு’ என்பது முழுத் தவறு. ‘மறைபொறி’ என்ற யோசனையும் நிற்காது, எல்லாப் பொறியும் மறைத்துத்தானே வைக்கப்படுகிறது? இதன் தனித்தன்மை இரையோ வாசனையோ கிடையாது என்பது. விலங்கு தன் போக்கில் நடந்து வரும் தடத்தில், வேறு வழியில்லாத இடத்தில் பொறி இருக்கும். கரைக்கும் பாறைக்கும் நடுவே உள்ள இடுக்கு, செங்குத்துக் கரை விலங்கைத் தண்ணீருக்குள் தள்ளும் முனை, சிற்றோடை பெரிய ஓடையில் சேரும் இடம், சாலைக்கடியில் போகும் குழாய்ப்பாலத்தின் வாய் எல்லாம் இதற்கான இடங்கள். தட வைப்பு என்றால் போதும்.

அதே வரிசையில் பாலத்தடி வைப்பு, கிடைமர வைப்பு ஆகியவற்றுக்கு விளக்கமே தேவைப்படாது. விலங்கின் உடலை நெரித்துக் கொல்லும்படி கனடாக்காரர் ஃபிராங்க் கோனிபேர் உருவாக்கிய பொறிக்கு ‘உடல்நெரிப் பொறி’ பொருந்தும். 110, 220, 330 என்ற அளவு எண்களை அப்படியே விடலாம். குழாய்க்குள் ரக்கூன் கையை விட்டு இழுத்தால் மட்டும் விழும், நாய் சிக்காத ‘டாக்-புரூஃப்’ பொறியை ‘கைக்குழாய்ப் பொறி’ எனலாம்.

ஒரு சொல்லில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

> சப்மெர்ஷன் செட் – நீரமிழ் வைப்பு?

காலில் பொறி பிடித்ததும் மிங்க், மஸ்க்ராட், ஓடையில் அணை கட்டும் பீவர் எல்லாம் ஆழத்தைத் தேடித்தான் பாயும். கரையிலிருந்து ஆழத்துக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டி, அதில் ஒரு பக்கம் மட்டும் நகரும் பூட்டைக் கோத்திருப்பார்கள். இறங்கிய விலங்கு திரும்ப மேலே வர முடியாது, மூச்சு முட்டிச் சாகும். இதற்கு ‘அமிழ்’ என்ற மென்மையான சொல் வைத்தால் படிப்பவருக்கு நடப்பது தெரியாமல் போகும். ‘மூழ்கடிப்பு வைப்பு’ என்றே எழுதுவோம். ஐரோப்பிய ஒன்றியம் கால்பிடிப் பொறிக்கு எதிராக 1991இல் விதி கொண்டுவந்ததும், மனிதநேயப் பொறித்தரங்கள் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் 1997இல் உருவானதும் விலங்குக்கு நேரும் துன்பத்தைப் பற்றிய கேள்வியால்தான். அந்த விவாதத்தைத் தமிழில் படிக்கப் போகிறவருக்கு மழுப்பாத சொல் வேண்டும்.

விலங்குப் பெயர்களில் நீர்நாய் (ஆட்டர்) மட்டும் நமக்குச் சொந்தமாக இருக்கிறது. ரக்கூன், மிங்க், மஸ்க்ராட், பீவர் நான்கையும் ஒலிபெயர்ப்பிலேயே விட்டுவிடலாம்.

அந்த ஒருவழிப் பூட்டுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘இறங்குபூட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், திருப்தியில்லை. ஏற்றத்திலோ, விசைப்படகிலோ, தறியிலோ ஒரு பக்கம் மட்டும் நகரும் உறுப்புக்கு உங்கள் ஊரில் புழங்கும் பெயர் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.