நிறுத்தி வைத்த மின்சார காரில் பேட்டரி இறங்குகிறதா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மின்சார காரில் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன என்பதை மனத்தில் வைக்காமல் இந்தச் சிக்கலைத் தேடத் தொடங்கினால் நேரம்தான் வீணாகும். வண்டியை ஓட்டுவது, பல மாடல்களில் ஏறக்குறைய 400 வோல்ட் கொண்ட பெரிய பேட்டரி. வண்டியை நிறுத்திப் பூட்டிய சிறிது நேரத்தில் காண்டாக்டர் எனப்படும் பெரிய ரிலேக்கள் அதைத் துண்டித்துவிடுகின்றன. அதன் பிறகு கதவுப் பூட்டு, அலாரம், சாவியின் சிக்னலைத் தேடும் ஆன்டெனா, கைப்பேசிச் செயலியோடு தொடர்புகொள்ளும் மோடம் ஆகிய அனைத்தும் 12 வோல்ட் துணை பேட்டரியையே நம்பியிருக்கின்றன. அது இறங்கும்போது பல கார்கள் தாமாக விழித்து, காண்டாக்டர்களை இணைத்து, உயர் வோல்டேஜைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாகப் பெரிய பேட்டரியிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். எல்லா மாடல்களும் இதை ஒரே மாதிரி செய்வதில்லை. காண்டாக்டர்களை இணைப்பதற்கே 12 வோல்ட் தேவை என்பதால், துணை பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தாலும் வண்டி கிளம்பாது. பெரும்பாலும் சார்ஜ் ஏற்றவும் முடியாது.

என் காருக்கு நேர்ந்தது இதுதான். சர்வீஸ் நிலையத்தில் துணை பேட்டரி பழுது என்று கூறிப் புதியது மாற்றித் தந்தார்கள். புதியதும் அதே வேகத்தில் இறங்கியது. ஆகவே கேபிளைக் கழற்றாமல் அதைச் சுற்றிக் கவ்வி டிசி மின்னோட்டத்தை அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டரைத் துணை பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் மாட்டி, பானட் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதுபோல் ஆக்கி, சாவியை வெகுதொலைவில் வைத்துவிட்டு, வண்டியின் கணினிகள் ஒவ்வொன்றாக அடங்குவதற்காக அரை மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்தேன். ஒழுங்காக உறங்கும் வண்டி பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் எடுக்கும்; அது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி மட்டுமே. என் மீட்டரோ ஒரு ஆம்பியருக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த வேகத்தில் ஒரே நாளில் 24 ஆம்பியர்-மணி போய்விடும் என்றால், 40 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்?

அடுத்து, எந்தச் சுற்று மின்சாரத்தை இழுக்கிறது என்று பார்க்க ஃபியூஸ்களைப் பிடுங்கவில்லை. பிடுங்கி மாட்டினால் உறங்கும் கணினிகள் விழித்துக்கொண்டு அளவீடு கெட்டுவிடும். ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனைகளுக்கும் இடையே மில்லிவோல்ட் அளவைப் பார்த்தால் போதும்; பூஜ்யம் இல்லையெனில் அதன் வழியே மின்னோட்டம் செல்கிறது. ஒரே ஒரு ஃபியூஸில் தெரிந்திருந்தால் கசிவு என்று முடிவு செய்திருப்பேன். ஆனால் தொடர்பில்லாத பல ஃபியூஸ்களில் ஒரே நேரத்தில் தெரிந்தது. அப்படியானால் எங்கும் கசியவில்லை, வண்டி உறங்கவே இல்லை என்று பொருள். ஓபிடி துளையில் (வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் கருவியைச் செருகும் இடம்) செருகியிருந்த சிறிய ப்ளூடூத் கருவியே காரணம். அது எடுத்த மின்னோட்டம் அற்பம். ஆனால் ஓயாமல் தகவல் கேட்டு மற்ற எல்லாக் கணினிகளையும் விழித்திருக்க வைத்தது. அதைக் கழற்றிய பின் மீட்டர் தானாகவே இறங்கியது.

* * *

மேலே உள்ளவருக்குத் துணை பேட்டரி. எனக்கு இறங்கியது பெரிய பேட்டரியின் சதவீதம். லித்தியம் செல்கள் தாமாக இழப்பது மாதத்துக்கு ஒரு சில சதவீதமே என்பதால், ஓரிரவில் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தால் ஏதோ ஒன்று அதைச் செலவழிக்கிறது என்றே கொள்ள வேண்டும். என் வண்டியில் அது கேமரா வழியாகச் சுற்றுப்புறத்தைக் கண்காணிக்கும் காவல் வசதி. கணினி முழுமையாக விழித்திருக்கும்போது 250 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 6 யூனிட். 60 யூனிட் பேட்டரியில் அது 10 சதவீதம். அதை அணைத்த பிறகும் சிறிது இறங்கியது. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தப் பார்வையே வண்டியை எழுப்பிவிடுகிறது. நோயாளி உறங்குகிறாரா என்று தட்டி எழுப்பிக் கேட்பதைப் போன்றது இது.

குறைந்ததெல்லாம் செலவானதும் அல்ல. குளிர்ந்த பேட்டரி குறைத்துக் காட்டி, சூடானதும் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை செல்களில் நடுப்பகுதி முழுவதும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால் கணிப்பு பிசகுவது எளிது. உற்பத்தியாளர் சொல்லும் இடைவெளியில் 100 சதவீதம் ஏற்றினால் எண் சரியாகிறது.

* * *

அளவீட்டுக்கு முன் ஒன்றைச் சேர்க்கிறேன். துணை பேட்டரி ஈய-அமில வகையாக இருந்தால், சில மணி நேரம் ஓய்ந்த பின் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட காலி. முழுமையாகச் சார்ஜ் செய்து, லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்த பிறகே கசிவைத் தேடுங்கள். பெரிய பேட்டரியின் உயர் வோல்டேஜ் செல்லும் ஆரஞ்சு நிறக் கேபிள்களை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். பானட் மின்சாரத்தால் திறக்கும் மாடல் எனில், 12 வோல்ட் இறங்கிய நிலையில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனை எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டில் இப்போதே பார்த்து வையுங்கள். எங்கள் காரின் கையேடு, பூட்டிய காருக்குள்ளேயே இருந்தது.